முனிரத்னா சொன்ன பதில்கள்

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது நாகவேணியின் போன் வந்தது. அவள் எங்களோடு ஹைஸ்கூலில் படித்தவள், இப்போதும் அத்திபெலேயில்தான் இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறைகூடப் பேசாதவளின் பெயரைப் பார்த்ததும் ஈரக் கையோடு எடுத்தேன்.

"செல்வி, நம்ம ரத்னா போயிட்டா கணே."

"எங்க?" என்று கேட்டேன். அவள் வீடு மாறிவிட்டாள் என்றோ, வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள் என்றோ நினைத்தேன். இருபத்தெட்டு வயதில் ஒருத்தி போய்விட்டாள் என்றால் வேறு என்ன நினைப்பது? நாகவேணி அழுதுகொண்டே சொன்னாள். காமாலை, பத்து நாள் காய்ச்சல், கண் மஞ்சளானதைக்கூட வெயிலுக்கு என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். டப்பா குழாயடியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

முனிரத்னாவோடு படித்த உங்களில் பாதிப் பேருக்கு இதைப் படிக்க வராது. அவளுக்கே வராது. தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. கன்னடத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் கன்னடத்தில் நான் பரீட்சைகள்தான் எழுதியிருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரிந்த நாகவேணி இதை மற்றவர்களுக்குச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். ரத்னாவைப் பற்றி நீங்கள் இத்தனை வருடமாக நம்பிவரும் ஒரு விஷயம் தவறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றிரண்டு ஜூனில்தான் அவளை முதலில் பார்த்தேன். அதுவரை நாங்கள் பெங்களூரில் ஜீவனஹள்ளியில் இருந்தோம். ஏழாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தேன். முந்தைய வருடக் கடைசியில் தமிழர்களுக்கு எதிராக நடந்த காவிரிக் கலவரத்துக்குப் பிறகு அம்மாவுக்கு அந்தத் தெருவில் இருக்கப் பிடிக்கவில்லை. அத்திபெலேக்கு அருகில் ஒரு கிரானைட் ஷெட்டில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது, ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்தார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி, நீலகிரித் தோப்புகளைத் தாண்டி, எங்கள் கவர்ன்மென்ட் ஹைஸ்கூல். கன்னட மீடியம். சேர்ந்த வரிசைப்படி நம்பர் கொடுத்தார்கள். என் பின்னால் வரிசையில் நின்ற, எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல்காரி முனிரத்னாவுக்கு எட்டு. எனக்கு ஏழு.

அந்த ஏழுதான் எனக்கு வினையாகப் போனது. எங்கள் சயின்ஸ் மேஷ்ட்ரு கெம்பண்ணா சார் பக்கத்துக் கிராமத்துக்காரர். நான் பெங்களூரில் கேட்டிருந்த கன்னடத்தில் 'சொல்லு' என்பதற்கு 'ஹேளு' என்பார்கள். அவர் பேச்சில் அந்த 'ஹ' கிடையாது. 'ஏளு' என்பார். ஆனால் கன்னடத்தில் 'ஏளு' என்றால் எண் ஏழு. 'ஏளு' என்றால் எழுந்திரு என்றும் அர்த்தம். அவர் யாரோ ஒரு பையனைப் பார்த்து "ஏளு" என்பார். ஏழாம் நம்பர் நான் எழுந்து நிற்பேன். வகுப்பு சிரிக்கும். உட்காருவேன். அடுத்த கேள்விக்கு மறுபடி "ஏளு" என்பார். இந்த முறை என்னைத்தானோ என்று மறுபடி எழுவேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் எழுந்தபோது பக்கத்தில் முனிரத்னாவும் எழுந்து நின்றாள்.

கெம்பண்ணா சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ யாகே எத்தே?" என்றார். நீ ஏன் எழுந்தாய்?

"ஏளு ஆத்மேலே எண்டு தானே சார்?" என்றாள். ஏழுக்கு அப்புறம் எட்டுதானே சார்?

இந்த முறை வகுப்பு சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அவரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு என் பெயர் ஏளு. பள்ளி முடிந்தும், அவளுக்குக் கல்யாணம் ஆகியும், கடைசி வரை அவள் என்னைச் செல்வி என்று கூப்பிட்டதே இல்லை.

ஆனால் என் வாய் அதற்குள் அடைத்துக்கொண்டுவிட்டது. எழுந்து நின்ற அந்த நாட்களுக்குப் பிறகு வகுப்பில் நான் பேசியதில்லை. அட்டெண்டன்ஸுக்குக்கூட கையைத்தான் தூக்குவேன். பாடம் எனக்குப் புரிந்தது. கன்னட எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து, மனதுக்குள் தமிழில் வைத்துக்கொள்வேன். சுவர் ஓரம் நான், எனக்கு வலப்பக்கம் முனிரத்னா. கெம்பண்ணா சாருக்கு ஒரு வழக்கம் உண்டு, கேள்வியைக் கேட்டுவிட்டு போர்டைத் துடைக்கத் திரும்புவார். ஒரு நாள் இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். எனக்கு அடக்க முடியவில்லை. "பச்சையம்" என்று முணுமுணுத்தேன். முனிரத்னா இடப்பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவர் திரும்பும்போது அவள் கை மேலே இருந்தது. "பத்ரஹரித்து சார்" என்றாள், பச்சையத்துக்குக் கன்னடத்தில் உள்ள பாடப்புத்தகச் சொல்லை. அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கேள்விக்கு எந்தச் சொல் என்பதுதான் தெரியவில்லை.

அப்படி ஆரம்பித்தது. நான் தமிழில் முணுமுணுப்பேன், அவள் கன்னடத்தில் உரக்கச் சொல்வாள். எட்டாவதில் விளையாட்டாக இருந்தது ஒன்பதாவதில் வழக்கமாகிவிட்டது. ஒரே ஒரு தடவைதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். நம் ரத்தத்தில் எந்த உலோகம் இருக்கிறது என்று கேட்டார். நான் "இரும்பு" என்றேன். அவள் காதில் எறும்பு என்று விழுந்தது.

"இருவே சார்!" என்றாள். இருவே என்றால் கன்னடத்தில் எறும்பு.

வகுப்பே டெஸ்க்கைத் தட்டிச் சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "அதுக்குத்தான் உடம்பு அரிக்குது" என்றான். முனிரத்னா அசரவில்லை. என் பக்கம் சாய்ந்து இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு, "தமாஷுக்குச் சொன்னேன் சார். கப்பிணா சார்" என்றாள். இரும்பு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னைத் திட்டினாள். "உன் தமிழை ஒழுங்கா சொல்லு கணே. என் ரத்தத்துல எறும்ப விட்டுட்டியே."

எழுத்துப் பரீட்சை வந்தால் அவளுக்கு ஐம்பதுக்குப் பதினொன்று வரும், எனக்கு முப்பத்தெட்டு. கெம்பண்ணா சார் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "பாயல்லி ஜாணே, கையல்லி சோம்பேரி" என்பார் அவளைப் பார்த்து. வாயில் கெட்டிக்காரி, கையில் சோம்பேறி. என் பேப்பரைத் தலை நிமிராமல் நீட்டுவார். அதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லப்போனால் நிம்மதி. என் பதில் வகுப்பில் ஒலிக்கிறது, யாரும் என்னைப் பார்ப்பதில்லை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

மற்ற நேரங்களிலும் அவள்தான் என் வாய். பள்ளியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதர்ப்பக்கம் போக மேடத்திடம் அனுமதி கேட்க வேண்டும். "மேடம், ஏளுக்கு அவசரம், நான் துணை" என்று எனக்காகவும் அவளே கேட்பாள். சனிக்கிழமை வகுப்பறை கூட்டும் முறை வந்தால், பையன்கள் பெஞ்சைத் தூக்கிப்போட அவள்தான் அதட்டுவாள். மதியம் புங்க மரத்தடியில் என் சோற்றில் பாதியை எடுத்துக்கொண்டு அவள் களியில் பாதியைத் தள்ளுவாள். அவள் வராத நாட்களில் நான் காலையிலிருந்து மாலை வரை ஒரு சொல்கூடப் பேசாமல் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். அப்படி ஒரு நாள், ஷெட் வாசலில் அப்பா ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது தொண்டை கரகரத்து, சத்தம் வர இரண்டு தடவை செருமவேண்டியிருந்தது.

பத்தாவதில் ஆனேகலில் தாலூகா அளவில் வினாடி வினா வைத்தார்கள். பள்ளிக்கு ஒருவர் போகலாம். கெம்பண்ணா சார் யோசிக்கவே இல்லை. "முனிரத்னா" என்றார்.

தோப்பு வழியே நடந்து வரும்போது அவள் ஒரு நீலகிரிக் குச்சியை ஒடித்துப் பட்டையை உரித்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள். "நான் வேணாம்னு சொன்னா திமிருன்னு நெனைப்பாரு. நீ போய்ச் சொல்றியா? பதிலெல்லாம் இவளோடது சார்னு நான் சொன்னா உன்ன எழுப்பிக் கேள்வி கேப்பாரு. நீ செத்தே போயிடுவ. நீயே போய் மெதுவா சொல்லு."

மறுநாள் இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நின்றேன். முதல் நாள் சாயந்திரத்திலிருந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்திருந்தேன். கெம்பண்ணா சார் டீ குடித்துக்கொண்டே "ஏனம்மா?" என்றார். மூன்று ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாக்பீஸ் சார்" என்றேன்.

இரண்டு சாக்பீஸ் கொடுத்தார். புங்க மரத்தடியில் காத்திருந்தவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "சரி, சாக்பீஸாவது கெடச்சிச்சே" என்றாள்.

அதற்கப்புறம் ஐந்து நாட்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நோட்டில் எழுபது கேள்வி பதில் எழுதினேன். அவள் உயிரைக் கொடுத்துப் படித்தாள். ஆனால் வரிசையாகத்தான் வந்தது. பாட்டுப் போல ஒன்றிலிருந்து எழுபது வரை ஒப்பிப்பாள், நடுவில் ஒன்றை உருவிக் கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். போட்டியன்று காலை கெம்பண்ணா சாரின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து போனாள். நாகவேணியின் அக்காவிடம் இரவல் வாங்கிய ரிப்பன் கட்டியிருந்தாள். நான் பள்ளியின் கேட்டுக்கு வெளியே நின்றேன். அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனேகலில் என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். மேடையில் வரிசையாக நாற்காலி போட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவராக உட்காரவைத்திருக்கிறார்கள். முனிரத்னா முதல் கேள்விக்கே இடப்பக்கத்து மாணவியின் பக்கம் தலையைச் சாய்த்தாள். இரண்டாவதற்கும் சாய்த்தாள். நடுவர் எச்சரித்தார். மூன்றாவதற்கும் சாய்த்தபோது, காப்பியடிக்கிறாள் என்று எல்லோர் எதிரிலும் இறக்கிவிட்டார்கள். மறுநாள் கெம்பண்ணா சார் வகுப்பில் "நம்ம ஸ்கூல் மான களெதே" என்றார். நம் பள்ளியின் மானத்தைக் கெடுத்துவிட்டாய். இரண்டு நாள் அவளை வராந்தாவில் நிற்கவைத்தார். நீங்கள் அவளைக் 'காப்பி ரத்னா' என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

உங்களுக்குத் தெரியாதது இதுதான். அவள் காப்பியடிக்கவில்லை. மூன்று வருடமாகக் கேள்வி விழுந்ததும் இடப்பக்கம் சாய்ந்த கழுத்து அது. அந்தப் பக்கம் நான் இருந்தேன். வகுப்பில் அவள் சொன்ன பதில்கள் எல்லாம் என்னுடையவை, அவற்றைச் சொல்லும் தைரியம் மட்டும்தான் அவளுடையது. வராந்தாவில் நின்ற இரண்டு நாளும் அவள் வாயைத் திறந்திருந்தால் தப்பித்திருப்பாள். திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இரண்டாம் நாள் சாயந்திரம் ஒன்றாக நடந்து வந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"கேள்வி எல்லாம் சுலபம்தான் ஏளு. பக்கத்துலதான் நீ இல்ல."

எஸ்.எஸ்.எல்.சி.யில் அவளுக்கு சயின்ஸும் கணக்கும் போயின. நான் தேறினேன். சித்தி வீட்டிலிருந்து படிக்க மறுபடி ஜீவனஹள்ளிக்கு வந்தேன், பி.காம். முடித்தேன், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ஆனேன். அவள் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ந்தாள். ஆறே வருடத்தில் சூபர்வைசர் ஆக்கிவிட்டார்கள். மெஷின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் நாற்பது பேருக்குக் கேட்கும் என்பதுதான் காரணம் என்று சொல்லிச் சிரித்தாள். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரத்தில் என் அறைக்கு வருவாள். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஆபீஸ்ல உனக்கு யாரு கணே பேசறா?" ஒருவரும் இல்லை என்பேன். இன்ஷூரன்ஸ் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை, யாரும் பேசச் சொல்வதில்லை. "அப்ப நாள் பூரா சும்னே வாய மூடிட்டு இருப்பியா? அய்யோ, பாவம் பா அந்த நாற்காலி" என்பாள்.

ஒரு முறை அவளை பஸ் ஏற்றிவிடப் போனபோது மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை, பாதியில் அழுதுவிட்டேன்.

"விடு ஏளு. நீ மேடைக்குப் போயிருந்தா மட்டும்? பதில் இருந்திருக்கும், வாய் வந்திருக்காது. எனக்கு வாய் இருந்துச்சு, பதில் வரல. ஸ்கூலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி நின்று திரும்பினாள். "ஒண்ணு மட்டும் செய். அந்த மேஷ்ட்ருகிட்ட எப்பவாவது சொல்லிடு. என் வாயால சொன்னா நம்பமாட்டாரு. அவசரம் இல்ல."

அவசரம் இல்லை என்றாளே என்று நான்கு வருடம் தள்ளிப்போட்டேன்.

சாவு வீட்டுக்கு நான் போனபோது முற்றத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கார்மென்ட்ஸ் பெண்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். நீங்களும் பலர் இருந்தீர்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கெம்பண்ணா சார். ரிடையர் ஆகி இளைத்திருந்தார். சுற்றி இருந்தவர்களிடம் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவு சூட்டிகையான பெண், எதைக் கேட்டாலும் முதல் கை அவளுடையது, ஆனேகலில் மட்டும் ஏன் அப்படிச் செய்தாளோ, இன்றைக்கும் புரியவில்லை என்றார்.

நான் எழுந்து அவர் எதிரில் போய் நின்றேன். பேசினேன். கன்னடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி பேசினேன்.

"சார், அவள் காப்பியடிக்கலை. கிளாஸ்ல அவளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்தது நான்."

அவர் அண்ணாந்து என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "நீவு யாரம்மா?" என்றார். முன்பின் தெரியாதவர்களைக் கேட்கும் மரியாதையோடு கேட்டார்.

பெயரைச் சொன்னேன். அவர் நாகவேணியைப் பார்த்தார். "நம்ம கிளாஸ்தான் சார், ரத்னா பக்கத்துல உக்காருவா" என்றாள் நாகவேணி. அவர் உண்மையாகவே யோசித்தார். மூன்று வருடம் அவருக்கு ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியை நினைவில் தேடினார். கிடைக்கவில்லை. "பக்கதல்லி ஒப்பளு இத்தளா?" என்றார். பக்கத்தில் ஒருத்தி இருந்தாளா?

பிறகு என் கையைத் தொட்டார். "ஆகலி பிடம்மா. ஒள்ளே மனசு நிம்து." போகட்டும் விடம்மா, நல்ல மனசு உங்களுக்கு.

செத்துப்போன தோழியின் பெயரைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எந்தச் சத்தமும் எழுப்பாத ஒருத்தியை அவர் எப்படி நினைவு வைத்துக்கொள்ள முடியும்? திரும்பி வந்து பெண்கள் நடுவே உட்கார்ந்தேன். அந்த வகுப்பறையில் எனக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்று அறிந்த ஒரே ஆள் முன்னால் படுத்திருந்தாள். அவள் மேல் போட்டிருந்த சாமந்தி மாலையை யாரோ நகர்த்தி ஒழுங்குபடுத்தினார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் நம்பாவிட்டாலும் நீங்கள் நம்புங்கள். இனி யாராவது அவளைப் பற்றிப் பேசினால் 'காப்பி ரத்னா' என்று சொல்லாதீர்கள். அவளுடைய வீட்டில் அவள் பேரைக் கேட்டு நிமிர்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் காதிலும் விழும்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். ஒரு போட்டோகூட இல்லை. பள்ளியில் எடுத்த குரூப் போட்டோவுக்கு நாங்கள் இருவருமே பணம் கட்டவில்லை. ஆனால் படித்ததெல்லாம் இருக்கிறது. இரைப்பையில் என்ன அமிலம் சுரக்கிறது, மழை எந்தக் காற்றால் வருகிறது, நிலவுக்கு ஏன் சொந்த ஒளி இல்லை, எல்லாம் நினைவிருக்கிறது. நான் தமிழில் முணுமுணுத்த எதுவும் நினைவில் இல்லை. எல்லாம் கன்னடத்தில், அவள் குரலில், வகுப்பின் கடைசி பெஞ்ச் வரை கேட்கும்படி இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு பதிலும் "சார்" என்று முடிகிறது.